கீழ் இடது மூலை

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டத் தோன்றினால் நீட்டிக்கொள்ளுங்கள். கதை கேட்கிறவர் காலுக்கு யாரும் சட்டம் போடுவதில்லை. ஒரு சிவப்புக் கார், அதைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய ஒரு மனிதர், அந்த மெருகுக்குள்ளேயே பதுங்கிக்கொண்டிருந்த ஒரு உண்மை, இந்த மூன்றும்தான் இன்றைக்கு. பயப்படாதீர்கள், கொலை கிடையாது. ஆனால் கேட்டு முடித்ததும் உங்களில் யாராவது எழுந்துபோய் வீட்டில் உள்ளவர்கள் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அண்ணியும் நாத்தனாரும் என்றால் ஊரில் கீரியையும் பாம்பையும்தான் சொல்வார்கள். நம் கதையில் வருகிற இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போய்த் துப்பறிகிறவர்கள். அண்ணிக்கு முன்பு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. இடிபட்ட வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, வண்டி சொல்வது உண்மையா, வண்டிக்காரர் சொல்வது உண்மையா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையை விட்ட பிறகும் அந்தக் கண்ணை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. நாத்தனார் அவள் கணவரின் தங்கை. ஸ்கூட்டர் ஓட்டுவாள், கதவைத் தட்டுவாள், வாயை மட்டும் மூடமாட்டாள்.

அன்று காலை இருவரும் முதலில் போனது மருத்துவமனைக்கு. எலும்பு முறிவுப் பகுதியில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில், தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு ஒரு தையற்காரி படுத்திருந்தாள். போன வாரம் பட்டப்பகலில் சைக்கிளில் போனவளை ஒரு சிவப்புக் கார் தட்டிவிட்டுப் போயிருந்தது.

"ஓட்டினவரைப் பார்த்தீங்களா?" என்றாள் அண்ணி.

"எங்க பாக்கறது? நான் சாக்கடைக்குள்ள கிடந்தேன். கண்ணாடியோ என்னமோ என் கைப்பிடியில பட்டுச்சு. அவ்வளவுதான், வானமும் பூமியும் இடம் மாறிடுச்சு."

"சைக்கிள் கைப்பிடி என்ன நிறம்?"

"பச்சை ரப்பர். போன மாசம்தான் என் தங்கச்சி மாட்டிவிட்டா. ஏன்?"

"சும்மாதான். இடிச்ச பிறகு வண்டி வேகம் எடுத்துச்சா?"

தையற்காரி கூரையைப் பார்த்தாள். "அதுதாங்க எனக்கு ஆறவே மாட்டேங்குது. வேகமும் எடுக்கல, நிக்கவும் இல்ல. எப்படி வந்துச்சோ அப்படியே போச்சு. முனையில லைட்டைப் போட்டு ஒழுங்கா திரும்பிச்சு. ஒரு கோழிய இடிச்சாக்கூட மனுஷன் திரும்பிப் பாப்பானே. நான் ஒரு கோழிக்குக்கூட சமமில்லையா?" பிறகு மாவுக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். "மிஷின் மிதிக்கிற கால் இது."

வெளியே வந்ததும் நாத்தனார் பொரிந்தாள்.

"கல்நெஞ்சக்காரன் அண்ணி. இண்டிகேட்டர் போட்டுட்டு ஓடுறான் பாருங்க. ஓடுறதுலயும் ஒரு ஒழுக்கம்."

"ம்."

"இந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்?"

"ஓடுறவன் இண்டிகேட்டர் போடுவானான்னு யோசிக்கிறேன். வண்டிய எடு."

இனி மாஸ்டர் வீடு.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர் மாஸ்டர். அந்த ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மிதித்துத் திட்டு வாங்கியவர்கள்தாம். தெருமுனைக் கடை ஒன்றின் கேமராவில் அவருடைய சிவப்புக் கார் அதே நேரத்தில் அதே பக்கம் போனது பதிவாகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேறு, "அன்னைக்குச் சாயங்காலமே கழுவ ஆரம்பிச்சவருங்க, இன்னும் தேய்ச்சுக்கிட்டே இருக்காரு" என்று போகிற போக்கில் காவல் ஆய்வாளரிடம் சொல்லி வைத்தார். பிறகு கேட்பானேன்? இடித்தார், ஓடினார், தடயத்தைக் கட்டம் கட்டமாகத் தேய்த்து அழித்தார் என்று ஆய்வாளர் முடிவு கட்டிவிட்டார். வண்டியை இனிமேல் யாரும் தொடக்கூடாது, மாலைக்குள் வண்டியும் மாஸ்டரும் காவல் நிலையத்துக்கு வந்து சேர வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார்.

அண்ணியைக் கூப்பிட்டது மாஸ்டரின் மனைவி. ஊரில் அவளை மாஸ்டரம்மா என்பார்கள். தொலைபேசியில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவர் ஓடுற மனுஷன் இல்லம்மா. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க."

வாசலை ஒட்டிய தகரக் கூரையின் கீழ் கார் நின்றது. பத்து வயசுக் கார்தான். ஆனால் அப்போதுதான் பிறந்ததுபோல் மின்னியது. பக்கத்தில் இரண்டு வாளி, கொடியில் வரிசையாகத் துணிகள், சுவரோரம் மூடி இறுக்கிய பாட்டில்கள். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் கையை என்ன செய்வதென்று தெரியாத நிற்பு அது.

"வருஷா வருஷம் செய்யறதுங்க," என்றார். "பள்ளியில கூட்டம் குறையிற நேரம் பாத்து ஆரம்பிப்பேன். அன்னைக்குக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிட்டு வந்தேன். வந்ததும் கழுவினேன். அதுல என்ன தப்பு?"

"எப்படிச் செய்வீங்கன்னு சொல்லுங்க மாஸ்டர்," என்றாள் அண்ணி.

கேட்டதுதான் தாமதம், கட்டியிருந்த கை அவிழ்ந்துகொண்டது. "முதல்ல சக்கரம். சக்கரத்து அழுக்கு பொல்லாத அழுக்கு, அந்தத் துணிய வேற எதுக்கும் தொடக்கூடாது. அப்புறம் கூரையில ஆரம்பிச்சுக் கீழ வரணும். ஒரு வாளியில சோப்புத் தண்ணி, இன்னொண்ணுல துணி அலச நல்ல தண்ணி."

"எங்க வீட்டுல பிள்ளைங்களையே ஒரே வாளியிலதான் குளிப்பாட்டுறோம் மாஸ்டர்," என்றாள் நாத்தனார்.

"பிள்ளைங்க மேல கோடு விழாதும்மா. வண்டியில விழும்." அவர் சிரிக்கவில்லை. "அடுத்த நாள் கிளே. களிமண் மாதிரி ஒரு கட்டி. சோப்புத் தண்ணிய தெளிச்சுட்டு அதால தடவினா, கழுவியும் போகாத சொரசொரப்பெல்லாம் ஒட்டிக்கிட்டு வந்துடும். அதுக்குக் கண்ணு வேண்டாம். நான் கண்ண மூடிக்குவேன். கைதான் பாக்கும். அதுக்கடுத்து ரப்பர், விளக்கு எல்லாத்துக்கும் டேப் ஒட்டிட்டுக் காம்பவுண்ட், கோடெல்லாம் தேய்ச்சு எடுக்கிற பசை. கடைசியா வாக்ஸ், மெழுகு. ஒரு முழச் சதுரமா மனசுல கோடு போட்டுக்கிட்டு, ஒரு சதுரம் முடிச்சாத்தான் அடுத்ததுக்குப் போகணும். வாக்ஸ் காஞ்சு வெள்ளையா பூக்கும். பூத்ததும் சுத்தமா துடைச்சு எடுத்துடணும். ஒரு பொட்டு நின்னாலும் அது வேலையே இல்ல."

"உங்க வண்டியில எங்கேயாவது நின்னிருக்கா?"

"என் வண்டியிலயா?" என்றார் மாஸ்டர். முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது. "தேடித்தான் பாருங்களேன்."

தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. முன்கதவில், நாத்தனாரின் முழங்கைக்கு நேராக, உள்ளங்கை அகலத்தில் வெள்ளைப் பூச்சு அப்படியே காய்ந்து கிடந்தது. அவள் வாயைத் திறந்தாள். அண்ணியின் செருப்பு அவள் காலை மிதித்தது. வாய் மூடிக்கொண்டது.

அண்ணி தன் பையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். அந்தக் கையால் பானெட்டையும் கதவுகளையும் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள்.

"என்ன அண்ணி, வண்டிக்குக் காய்ச்சலா?"

"வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு, உறைக்குள்ள இருக்கிற கைக்குத் தெரியும். ஒட்டுப்போட்டு, புதுசா பெயின்ட் அடிச்சு மறைச்சிருந்தா இங்க உறுத்தும்." வண்டியை முழுச் சுற்று வந்தாள். வெள்ளைப் பூச்சு நின்ற இடங்களிலும் தடவினாள். "எங்கயும் உறுத்தல. மூலை முடுக்கெல்லாம் வெண்ணெய்."

"அப்போ நல்ல சேதிதானே?"

அண்ணி காரின் இடப்பக்கக் கதவுகளைப் பார்த்தாள். வலப்பக்கம் போய் அந்தக் கதவுகளைப் பார்த்தாள். திரும்ப இந்தப் பக்கம் வந்தாள். பிறகு இடப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடியின் அருகே முழங்காலிட்டு, அதன் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தாள். நாத்தனாரும் குனிந்தாள். கறுப்புப் பிளாஸ்டிக்கின் அடி விளிம்பில், சுண்டுவிரல் நீளத்துக்குப் பச்சை நிறத்தில் ரப்பர் தேய்ந்த இழுப்பு ஒன்று இருந்தது.

நாத்தனார் எழுந்து மாஸ்டரைப் பார்த்தாள். அவர் கொடியில் இருந்த துணிகளை நிறவாரியாக மடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மாஸ்டரம்மா தேநீர் போட்டு வைத்திருந்தாள். சின்ன கூடம். மேசையின் ஒரு பக்கத்தில் மட்டும் நாற்காலி, தண்ணீர்ச் செம்பு, செய்தித்தாள், மூக்குக்கண்ணாடி என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மறுபக்கம் துடைத்துவிட்டதுபோல் காலி. மாஸ்டர் உட்கார்ந்ததும் அவர் முன்னால் ஒரு தட்டில் பிஸ்கட் வந்தது.

மாஸ்டர் பேசிக்கொண்டே சாப்பிட்டார். தட்டின் வலப்பக்கத்துப் பிஸ்கட்டெல்லாம் தீர்ந்தன. "தீந்து போச்சா," என்று கையைத் துடைக்கப் போனார். மாஸ்டரம்மா வேறு எங்கோ பார்த்தபடியே கையை நீட்டி, தட்டை ஒரு அரைச்சுற்றுச் சுற்றி வைத்தாள். "ஓ, இன்னும் இருக்கே," என்று அவர் மீதியையும் எடுத்தார்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தட்டை இப்படிச் சுத்திவிட்டா அடுத்த பந்தின்னு நினைச்சுத் திரும்பவும் ஆரம்பிச்சுடுவார்," என்றாள் நாத்தனார். மாஸ்டர் சிரித்தார். அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தேநீரைக் கீழே வைத்துவிட்டு, தட்டைச் சுற்றிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி எழுந்து நாத்தனாரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சொல்லு, உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு ஒண்ணு தோணுது அண்ணி, ஆனா தப்பா இருந்தா திட்டக்கூடாது. அந்தப் பச்சை இழுப்பு தையற்காரியோட கைப்பிடிதான். ஆனா தடயத்த அழிக்கணும்னு நாள்கணக்கா தேய்க்கிற ஆளு, முழுப் பூசணிக்காய மறைச்சுட்டு காம்பை வெளிய நீட்டிக்கிட்டு இருப்பானா? முதல்ல அதைத்தானே துடைச்சிருப்பான். ஆக, வேற யாரோ வண்டிய எடுத்துட்டுப் போயிருக்காங்க. மாஸ்டர் இடிக்கல."

"பாதி சரி."

"எந்தப் பாதி?"

"மறைக்கல. ஆனா இடிச்சார்."

நாத்தனார் பக்கக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க வா," என்றாள் அண்ணி. "இந்தப் பக்கத்துக் கதவுல வெள்ளை எங்க நிக்குது?"

"கீழ. முன்சக்கரத்துப் பக்கமா."

"பின்கதவுல?"

"அதுலயும் ஒவ்வொரு சதுரத்துலயும் முன்பக்கமா, கீழ."

"இப்ப அந்தப் பக்கம் வா. இங்க?"

நாத்தனார் பார்த்தாள். "இங்க... பின்சக்கரத்துப் பக்கமா இருக்கு. அங்க முன்னால, இங்க பின்னால. என்ன கணக்கு இது?"

"வண்டிய விடு. துடைக்கிற ஆள் மாதிரி கதவைப் பாத்து நில்லு. இப்ப சொல்லு."

நாத்தனார் நின்றாள். கையில் துணி இருப்பதுபோல் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஓடிப்போய் அங்கேயும் அதேபோல் நின்று பார்த்தாள். திரும்பி வரும்போது நடை மெதுவாகிவிட்டது.

"ரெண்டு பக்கமும் எனக்கு இடது கைப்பக்கம், அண்ணி. கீழ் இடது மூலை."

"தப்பு வண்டியில இருந்தா எல்லாம் ஒரே பக்கமா இருந்திருக்கும். ஆளோட சேந்து மாறுதுன்னா, தப்பு ஆள்கிட்ட இருக்கு. கிளே போட்டது கையால, கண்ண மூடிக்கிட்டு. அது மூலைவரைக்கும் வெண்ணெய் மாதிரி இருக்கு. வாக்ஸ் துடைச்சது கண்ணால. கண்ணு போகாத இடத்துல அது நின்னுடுச்சு. அவர் பார்வையில அந்த மூலை இல்ல. அது இல்லைன்னுகூட அவருக்குத் தெரியாது. பிஸ்கட் தட்டுலயும் அதுதான்."

"அதனாலதான் வேகமும் எடுக்கல, நிக்கவும் இல்ல."

"இடிச்சதே தெரியாதவர் எதுக்கு நிப்பாரு, எதுக்கு ஓடுவாரு? இண்டிகேட்டரப் போட்டு ஒழுங்கா திரும்பி, வீட்டுக்கு வந்து வண்டி கழுவியிருக்காரு."

நாத்தனார் காரின் பளபளப்பைப் பார்த்தாள். அதில் அவளுடைய முகமும் அண்ணியின் முகமும் தெரிந்தன. ஒரு வேடிக்கைப் பேச்சு கிடைக்குமா என்று தேடினாள். எப்போதும் திறந்திருக்கும் அவள் வாய்க்கடை பூட்டியிருந்தது.

அடுப்படியில் மாஸ்டரம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இருவரும் வாசற்படியில் வந்து நின்றதும் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"எத்தனை நாளாம்மா தட்டைச் சுத்தி வைக்கிறீங்க?" என்றாள் அண்ணி.

மாஸ்டரம்மா கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"மழை தொடங்கறதுக்கு முன்னாடி இருந்து," என்றாள் கடைசியில். "ஒரு நாள் தலை சுத்துதுன்னு படுத்தார். சாயங்காலமே எழுந்துட்டார். டாக்டர்கிட்ட போலாம்னேன். 'எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்'னுட்டார். அதுக்கப்புறம்தான் கதவு நிலையில இடிச்சுக்கறதும் செம்பைத் தட்டிவிடறதும். எல்லாத்தையும் வலது பக்கமா மாத்தி வச்சேன். தெருவுல நடக்கும்போது அவருக்கு இடது பக்கம் நான் நடப்பேன். அந்தப் பக்கத்துக்கு நான் இருக்கேன்ல, போதும்னு நினைச்சுட்டேன்."

"வண்டியில?"

"வண்டியிலயும் நான் கூடவே போவேன். பக்கத்துல உட்காந்து, அங்க ஆள் வருது, இங்க மாடு வருதுன்னு தொணதொணப்பேன். அவருக்குக் கோவம் வரும். வந்துட்டுப் போகட்டும்." அவள் கையைத் துணியில் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு நானும் கிளம்பினேன். 'ரெண்டு வாளி, பாட்டிலு, எல்லாம் வாங்கணும், உனக்கு இடம் இல்ல, இரு'ன்னுட்டார்."

"பள்ளியில பாடம் எடுக்கிறாரே," என்றாள் நாத்தனார். கேட்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஓட்டறது பிள்ளைங்கதானே. அவங்களுக்குக் கண்ணு இருக்கேன்னு..." முடிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்? அவர் ஓடலைன்னு சொல்லத்தானே கூப்பிட்டேன். இதைக் கண்டுபிடிக்கவா?"

"அவர் ஓடலைன்னு நான் சொல்லணும்னா இதைத்தான் சொல்லியாகணும்மா. வேற வழி எனக்குத் தெரியல. தெரிஞ்சா சொல்லுங்க, இப்பவே அந்த வழியில போறேன்."

"சொன்னா ஸ்டீயரிங்க விட்டுடணும். விட்டா அவர் அவரா இருக்க மாட்டாரு."

"சொல்லலேன்னா, பொண்ணைத் தட்டிட்டு ஓடிப்போன மாஸ்டர்னு ஊர் பேசும். அதோட அவர் நாளைக்கும் வண்டிய எடுப்பாரு."

மாஸ்டரம்மா நாத்தனாரைப் பார்த்தாள். வாய்க்காரி ஏதாவது சொல்லி இதை மாற்றிவிடமாட்டாளா என்பதுபோல் பார்த்தாள். நாத்தனாருக்கு அழுகைதான் வந்தது. இப்படியும் போக முடியாமல் அப்படியும் போக முடியாமல், மூன்று பெண்கள் ஒரு சின்ன அடுப்படியில் நின்றார்கள். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் சில கணக்குக்கு விடை வராது, கண்ணுகளா. விடை வந்தாலும் அதை வாங்கிக்கொள்ளக் கை வராது.

"நான் சொல்லட்டுமா?" என்றாள் அண்ணி.

"வேண்டாம்," என்றாள் மாஸ்டரம்மா. "ஊரான் வாயால அவர் இதைக் கேக்க வேண்டாம்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். மாஸ்டர் சுவரோரம் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கொஞ்சம் இப்படி வாங்க."

அவள் அவருடைய வலது கையைப் பிடித்தாள். பிடித்துக் காரின் முன்கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் விரல்களைத் தூக்கி, கீழே, இடது பக்கமாகக் கொண்டுபோய் வைத்தாள்.

மாஸ்டரின் விரல்கள் அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன. விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், கட்டைவிரலால் தேய்த்தார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

"நான் இதைத் துடைச்சேனே," என்றார்.

"துடைச்சீங்க."

அடுத்த சதுரத்துக்குத் தானாகவே கையைக் கொண்டுபோனார். அங்கேயும் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. மாஸ்டரம்மா கையை விட்டுவிட்டாள். அவர் ஒவ்வொரு சதுரமாகத் தடவிக்கொண்டு, தன் வண்டியை முதன்முதலாகப் பார்ப்பவர்போல் சுற்றி வந்தார். கூடவே நடந்த நாத்தனாருக்கு அவருடைய மூச்சு கேட்டது. பக்கக் கண்ணாடியின் அடியில் அவர் விரல் தட்டுப்பட்டு நின்றது.

"இது என்ன?"

மாஸ்டரம்மா நாத்தனாரைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல, என்னம்மா இது?"

"பச்சை ரப்பர், மாஸ்டர்," என்றாள் நாத்தனார். "சைக்கிளோட கைப்பிடி."

மாஸ்டர் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "அந்த முனைக்கு முன்னாடி டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. பின்சீட்டுல வாளி உருண்டுடுச்சுன்னு நினைச்சேன்." பிறகு மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"இடிச்சது தெரியாது. கண்ணு விஷயம் தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்," என்றாள் அவள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று நாத்தனாருக்குத் தோன்றியது. "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"கால் எலும்பு. தையல் மிஷின் மிதிக்கிற கால்."

மாஸ்டர் கொடியை எட்டி ஒரு துணியை உருவினார். பழக்க தோஷம். விரல் தொட்ட அந்த மூலையை நோக்கிக் கை போனது. அண்ணி குறுக்கே வந்தாள்.

"வேண்டாம் மாஸ்டர். உங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான்."

"எதுக்குச் சாட்சி?"

"நீங்க தப்பிச்சு ஓடலைங்கறதுக்கு."

"இனிமே நான் ஓட்டக்கூடாதுங்கறதுக்கும் அதுதானே சாட்சி?"

மாஸ்டர் துணியை நான்காக மடித்து, சுருக்கம் நீவி, திரும்பக் கொடியிலேயே போட்டார்.

"இப்படித் திட்டுத்திட்டா இந்த வண்டிய நான் வெளிய எடுத்ததே இல்ல," என்றார். "சரி, போலாம். ஆய்வாளர் வந்து இழுத்துட்டுப் போக வேண்டாம். முதல்ல ஸ்டேஷன். விட்டாங்கன்னா அங்கேருந்து நேரா அந்தப் பொண்ணு."

சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் கதவுவரைக்கும் போய்விட்டார். கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் நின்றார். அப்படியே நின்றார். பிறகு திரும்பி, நாத்தனாரிடம் சாவியை நீட்டினார்.

"லைசென்ஸ் இருக்காம்மா?"

"இருக்கு மாஸ்டர். டெஸ்ட்ல தோத்துத் தோத்து வாங்கினது."

"யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"உங்க எதிர்ப் பள்ளியில."

"அதான்," என்றார் மாஸ்டர்.

சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். எத்தனையோ பேருக்குப் பாடம் சொன்ன அதே இருக்கைப் பக்கம்தான். அண்ணியும் மாஸ்டரம்மாவும் பின்னால் ஏறினார்கள். நாத்தனார் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடியச் சரி பண்ணு. பெல்ட்டைப் போடு. கிளட்ச்ச மெதுவா விடும்மா, அது என்ன உன் மாமியாரா." அவர் குரல் பாடம் எடுக்கும் குரலாகவே இருந்தது. கார் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் கை ஊன்றி நின்று பார்த்தார். மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. அவர் நின்றது இடப்பக்கம்.

தெருமுனை வந்தது. நாத்தனார் வேகத்தைக் குறைத்து இண்டிகேட்டரைப் போட்டாள். அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் யாராவது வர்றாங்களா?" என்றார். "எனக்குத் தெரியல. பாத்துச் சொல்லு."

பின்னாலிருந்து மாஸ்டரம்மாவின் கை வந்து அவருடைய இடது தோளில் உட்கார்ந்தது. நாத்தனார் தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"யாரும் இல்ல, மாஸ்டர்."

"அப்போ போ."

அவ்வளவுதான், கண்ணுகளா. ஆய்வாளர் என்ன சொன்னார், தையற்காரி என்ன சொன்னாள் என்பதெல்லாம் அவரவர் வாயால் வர வேண்டியது. அதை நான் என் வாயால் இனிப்புத் தடவித் தரமாட்டேன். நீங்கள் நல்லபடியாக எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் போன காலோடு திரும்பி வரட்டும். ஒருவர் கண்ணுக்கு எட்டாததை மற்றவர் வாய் திறந்து சொல்லட்டும், சொன்னதைக் கேட்டவர் கோபிக்காமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் எல்லாப் பக்கமும் ஆள் இருக்கட்டும்.